தூங்குகிறவர் வாங்கிய காராச்சேவு

2047 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தூத்துக்குடி எட்டயபுரம் சாலையில் இருக்கும் நெடுந்துயில் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பதினான்கு மாதங்களாகக் கண் விழிக்காத ஜெயசிங் என்பவர் ஐம்பது கிராம் காராச்சேவு வாங்கினார்.

அதற்கான ரசீது அவருடைய கட்டிலின் கால்மாட்டில் ஒட்டப்பட்டது. காராச்சேவை அவர் மனைவி பியூலா சாப்பிட்டார்.

விற்றவர் பெயர் பட்டுராஜ். ஐம்பத்தெட்டு வயது. டீக்கேன், சேவு, கடலைமிட்டாய், மக்ரூன், மஸ்கோத் அல்வா எல்லாம் அடுக்கிய தள்ளுவண்டியோடு தினமும் பத்து மணிக்கு வார்டுக்குள் வருவார். முப்பத்தோரு கட்டில்கள். தூங்குகிறவர்களின் உடம்புக்காக வார்டு எப்போதும் குளிரவைக்கப்பட்டிருக்கும். தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் ஸ்வெட்டர் விற்ற ஒரே கடை அந்த மருத்துவமனை வாசலில்தான் இருந்தது. பட்டுராஜ் ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டும் போட்டிருப்பார்.

கட்டிலருகே வந்ததும் குனிந்து, படுத்திருப்பவரின் காதுக்கு நேராக, கடைக்கு வந்து நிற்கும் ஆளிடம் பேசுவது போலவே பேசுவார்.

"ஜெயசிங் தம்பி, காராச்சேவு அம்பது கிராம். தொண்ணூறு ரூவா. எடுத்துக்கிடட்டுமா?"

பிறகு பியூலா கணவரின் கார்டு ஒன்றைத் தேய்த்து, அவருடைய ஆள்காட்டி விரலைத் தூக்கி மெஷினில் வைப்பார். பச்சை விளக்கு எரியும். அன்றும் எரிந்தது.

"இன்னைக்கு ஒழுங்கா எடுத்துக்கிட்டு," என்றார் பட்டுராஜ். "நல்ல நாள் பொழுதுலதான் இந்தச் சனியன் மக்கர் பண்ணும்."

பக்கத்துக் கட்டிலில் அன்று காலைதான் ஒரு முதியவரைத் தூங்க வைத்திருந்தார்கள். அவருடைய மகள் மாரிச்செல்வி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி இது? தூங்குற ஆளு என்னத்தத் திங்கப் போறாவ?"

"திங்கத்தான் வாங்கணுமா தாயி? கார்டு உயிரோட இருக்கணும்லா. உங்க அப்பாவுக்கு கிரெடிட் கார்டு எத்தன?"

"ரெண்டு கெடக்கு. ஒண்ணுகூட தேச்சதே கெடையாது. ரெண்டையும் மூடிரலாம்னு இருக்கேன்."

"மூடிராத!" என்று பட்டுராஜும் பியூலாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். செல்வி திடுக்கிட்டாள்.

பட்டுராஜ் வண்டியின் சக்கரத்தைக் காலால் அண்டக்கொடுத்து நிறுத்தினார். "கேட்டுக்கோ. ரெண்டு பேங்குக்காரன் உங்க அப்பாவ நம்பி, எப்பம் வேணும்னாலும் கடன் வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கான். அவுரு அதத் தொடவே இல்ல. பாக்குறவன் என்ன நெனப்பான்? கையில இருந்தும் தொடாத மனுசன், நம்பலாம்ங்கான். ஸ்கோரு ஏறும். அந்தக் கார்ட நீ மூடிட்டன்னு வையி, மிச்சம் நிக்கிறது இந்த ஆஸ்பத்திரிக் கடன் மட்டுந்தான். அதே ஆளு இப்பம் கழுத்தளவு கடன்ல நிக்கிற மாதிரி தெரிவாரு. ஸ்கோரு சர்ருனு எறங்கும்."

"பழசுங்கிறதும் முக்கியம்," என்றார் பியூலா. "இவுக மொத கார்டு இருவத்தஞ்சு வருசத்துக் கார்டு. அது போச்சுன்னா அத்தன வருசத்து நல்ல பேரும் அதோட போயிரும்."

"மூடாம அப்படியே போட்டு வச்சா?"

"போன வருசம் புதுசாச் சட்டம் வந்துட்டு. ஒரு வருசம் சும்மா கெடந்தா அவனே மூடிருவான். வருசத்துக்கு ஒண்ணு வாங்குனாப் போதும். மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா பயமில்ல," என்ற பட்டுராஜ், கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் யாவாரம் ஆவும்," என்றார்.

செல்வி மெஷினைப் பார்த்தாள். "தூங்குறவங்க விரலுக்கு இது எப்படி எடுக்குது? இது நாடி பாக்குற மெஷின்லா?"

அவள் கேட்டது சரிதான். 2039 முதல் எல்லாக் கடைகளிலும் இருந்தது அந்த மெஷின்தான். வயதானவர்களின் விரலைப் பிடித்து அழுத்திப் பணத்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் மருமக்களும் பெருகிப்போனதால் வந்த சட்டம் அது. விரல் நுனியின் நாடியையும் வியர்வையையும் மெஷின் பார்க்கும். மனம் ஒப்பாத விரலென்றால் மஞ்சள் விளக்கு எரிந்து வியாபாரம் ரத்தாகும். மறுப்பு எதுவும் தெரியாவிட்டால் பச்சை.

"தூங்குறவன் மறுக்கவா போறான்?" என்றார் பட்டுராஜ். "நாடி தரையில கோடு கிழிச்ச மாதிரி போவும். மெஷினு சரின்னு எடுத்துக்கிடும்."

*

ஜெயசிங் உப்பளங்களில் மோட்டார் பழுது பார்ப்பவர். நாற்பத்தெட்டு வயது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்ற வருடங்கள் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டன. உடம்பைக் குளிர்வித்துத் தூங்க வைத்து, அந்தத் தூக்கத்தில் சிறுநீரகத்தை மறுபடி வளர வைக்கும் சிகிச்சைக்காக 2045 டிசம்பரில் சேர்க்கப்பட்டார். வளர்ந்துவிட்டது. எழுப்புவது மட்டுமே மிச்சம்.

அந்த எழுப்பும் கட்டம்தான் சிகிச்சையிலேயே செலவு மிக்கது. காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். ஆனால் எழுப்பும் நாளன்று நோயாளியின் ஸ்கோர் எழுநூறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொது வரிசை. பொது வரிசையில் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பதினெட்டு மாதங்களைத் தாண்டித் தூங்குகிறவர்கள் எழுந்திருப்பார்கள்; ஆனால் பக்கத்தில் நிற்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஜெயசிங்கின் ஸ்கோர் 738. எழுப்பும் தேதி மார்ச் 21.

இத்தனை நல்ல ஸ்கோர் அவருக்கு வந்த விதம் வேடிக்கையானது. அவருக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது. 2022இல் ஒரு பெட்ரோல் பங்கில் குடைக்கடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண், "சார், இன்னிக்கு டார்கெட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் பாக்கி" என்றாள். முதல் கார்டு. அடுத்தது ஒரு தோள்பையோடு வந்தது, அதற்கடுத்தது ஒரு தண்ணீர் பாட்டிலோடு. நான்காவதை விற்றவர் அவருடைய சித்தப்பா மகனின் மைத்துனர். ஒன்றிலும் அவர் எதுவும் வாங்கியதில்லை. கல்யாணமான புதிதில் பியூலா சண்டை போட்டு மூடச் சொன்னார். ஜெயசிங் போன் செய்தார். மறுமுனையில் பேசிய பெண், "ஏன் சார், எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையா சார்?" என்று கேட்டதும், "இல்லம்மா, சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

இருபத்தோரு ஆண்டுத் தாம்பத்தியத்தில் பியூலா அவரைத் திட்டிய திட்டுகளில் பாதி இதற்காகத்தான். "உங்க வாயில வேண்டாம்னு ஒரு வார்த்த வராதா?" கடன் கேட்டவர்களுக்குக் கொடுத்தார், கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பரிமாறியதைச் சாப்பிட்டார், பாவப்பட்டு வாங்கிய வாட்ச்கள் வீட்டில் ஐந்து கிடந்தன. இப்போது அந்த நான்கு கார்டுகளும் பியூலாவின் கைப்பைக்குள், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தன. உலர்பூ ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கும் பியூலா, எந்தக் கார்டில் எந்தத் தேதி என்று ஒவ்வொன்றின் பின்னாலும் சீட்டு ஒட்டி வைத்திருந்தார்.

பிப்ரவரி 25ஆம் தேதி அவருடைய போனுக்கு, ஸ்கோர் போடும் நாணய மதிப்பீட்டு ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அட்டைதாரரின் நாடியில் எந்த மாற்றமும் பதிவாகாத கொள்முதல்கள் இனி அவருடைய செயலாகக் கருதப்படமாட்டா. ஓராண்டுக் காலத்தில் அட்டைதாரரின் விருப்பம் வெளிப்பட்ட ஒரு செயலாவது இல்லாத கணக்குகள் மூடப்படும். மார்ச் 5 அன்று அலுவலர் நேரில் வருவார்.

பியூலா அதை மூன்று முறை படித்தார். பிறகு மருத்துவமனைக்குப் போய், வண்டியை நிறுத்தி, பட்டுராஜிடம் படித்துக் காட்டினார்.

"நாலும் போனா ஸ்கோரு எவ்வளவுக்கு வரும்?"

"அறுநூத்திப் பதினொண்ணு. கணக்குப் போட்டுட்டேன்."

பட்டுராஜ் ஒரு டீயை ஊற்றிக் கொடுத்தார். "நாந்தான தங்கச்சி இந்த வழியக் காட்டுனது," என்றார்.

"உங்கள என்ன அண்ணாச்சி சொல்ல? ஊரெல்லாம் இதத்தான செய்யிது." பியூலா கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எந்திரிச்சு வந்து, நீங்க யாருன்னு எங்கிட்ட கேட்டாவன்னா நான் என்ன செய்வேன்? அதுக்கும் சரின்னு எங்கூட வந்துருவாவ. அதான் கொடும."

*

மார்ச் 5 அன்று வந்த அலுவலர் பெயர் ஸுலைஹா. காயல்பட்டினத்துக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். முக்காட்டுக்கு மேல் போட்டிருந்த, வாசல் கடையில் வாங்கிய புது ஸ்வெட்டரில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதைக் கத்தரித்துக் கொடுத்தார்.

ஸுலைஹா கடுமையாகப் பேசவில்லை, களைத்திருந்தார். "திருநெல்வேலி, நாகர்கோவில் ரெண்டு ஊரும் முடிச்சிட்டு வர்றேன்," என்றார். "நூத்தி அறுபது பேர். ஒருத்தர் நாடிகூட அசையலை. எல்லாக் கணக்கையும் மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கேன். உங்களுக்கும் வேற மாதிரி எழுத முடியும்னு நினைக்காதீங்க. ஏமாத்தணும்னு நீங்க செய்யலை, அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன மேடம், மூடத்தான போறீய," என்றார் பியூலா.

ஸுலைஹா பட்டுராஜின் மெஷினைத் தன் கையிலிருந்த திரையோடு இணைத்தார். ஜெயசிங்கின் பெயரில் பதினெட்டுக் கொள்முதல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாடியின் கோடு. காராச்சேவு, நேர்க்கோடு. கடலைமிட்டாய், நேர்க்கோடு. மக்ரூன், நேர்க்கோடு. அவர் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. பிறகு நின்றது.

"இது என்ன? ரத்தானது நாலு இருக்கு."

"அது மெஷினு கோளாறு மேடம்," என்றார் பட்டுராஜ். "நல்ல நாள்ல எல்லாம் மஞ்ச லைட்டு போட்டுரும். விரல ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சிட்டு, வேற ஒண்ண வாங்குனா எடுத்துக்கிடும்."

"சர்வீஸுக்குக் கொடுத்தீங்களா?"

"மூணு தடவ. ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டான். வேலை தெரியாத பய."

ஸுலைஹா பியூலாவின் பக்கம் திரும்பினார். "போன வருசம் மார்ச் இருபத்தஞ்சு. அன்னைக்கு என்ன?"

"ஈஸ்டர்."

"மே பதினாலு?"

"எங்க கல்யாண நாள்." பியூலாவின் குரல் தாழ்ந்தது. "செப்டம்பர் ஒம்பது இவுக பொறந்த நாளு. கடைசியா ரத்தானது கிறிஸ்துமஸ் அன்னைக்கு. எனக்கும் தெரியும் மேடம். நல்ல நாளும் அதுவுமா மெஷினு இவுக விரல ஒதுக்குதேன்னு நாலு தடவையும் அழுதுட்டுத்தான் போனேன்."

"அந்த நாலு நாளும் என்ன வாங்கினீங்க?"

"மஸ்கோத் அல்வா. முதலூர்ல இருந்து அண்ணாச்சிதான் கொண்டாந்து தருவாவ. இவுகளுக்கு உசுரு. சனிக்கிழம தவறாம கால் கிலோ வாங்கிட்டு வருவாவ. ரெண்டு பேருமா உக்காந்துதான் சாப்பிடுவோம். நல்ல நாள்ல அதத்தான வாங்கணும்?"

ஸுலைஹா திரையைப் பெரிதாக்கினார். நான்கு கோடுகளும் நேராக இல்லை. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் சட்டென்று இறங்கி, நடுங்கி, மேலே ஏறியிருந்தது. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும் போல இருந்தது.

"அண்ணாச்சி," என்றார் மெதுவாக, "நீங்க விக்கும்போது என்ன செய்வீங்க? இவர் கிட்டயே செஞ்சு காட்டுங்க."

"என்னத்தச் செய்வேன்? பொருளச் சொல்லுவேன், விலையச் சொல்லுவேன், எடுத்துக்கிடட்டுமான்னு கேப்பேன்."

"தூங்குறவர் கிட்டயா?"

பட்டுராஜுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "சொல்லாம எப்பிடி மேடம் விக்கிறது? யாவாரம்லா. முழிச்சிருக்கவனுக்கு ஒரு நியாயம், தூங்குறவனுக்கு ஒரு நியாயமா? மத்த ஊர்ல சொல்ல மாட்டானுவளா?"

"இல்லை," என்றார் ஸுலைஹா. "விரலை வச்சு எடுத்துட்டுப் போயிடுறாங்க."

நர்ஸ் குறுக்கிட்டார். காது கடைசியாகத்தான் தூங்கும், அதுவும் முழுசாகத் தூங்காது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

ஸுலைஹா தன் பையிலிருந்து ஆணையத்தின் மெஷினை எடுத்தார். "இப்ப நடக்கிறது சோதனை. கணக்கில சேராது. பழைய நாலும் கோளாறா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான்." பியூலாவைப் பார்த்தார். "நீங்க கையைப் பிடிக்க வேண்டாம். சிஸ்டர் பிடிக்கட்டும்."

பியூலா கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பட்டுராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்தார். "ஜெயசிங் தம்பி, காராச்சேவு அம்பது கிராம். தொண்ணூறு ரூவா. எடுத்துக்கிடட்டுமா?"

பச்சை. நேர்க்கோடு.

"தம்பி, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டு."

பச்சை.

"தம்பி..." பட்டுராஜ் இன்னும் தாழக் குனிந்தார். "மஸ்கோத் அல்வா. கால் கிலோ. நானூறு ரூவா. எடுத்துக்கிடட்டுமா?"

கோடு இறங்கியது. மஞ்சள் எரிந்தது.

ஸுலைஹாவே குனிந்தார். காயல்பட்டினத்துத் தமிழில், அவசரமில்லாமல், முதலில் மக்ரூன் என்றார். பச்சை. பிறகு மஸ்கோத் அல்வா என்றார்.

மஞ்சள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செல்விதான் முதலில் சிரித்தது. சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவருக்கு அல்வா பிடிக்காது," என்றார் ஸுலைஹா.

"இல்ல மேடம்," என்றார் பியூலா. "எனக்குத்தான் அது பிடிக்கும். இவுகளுக்கும்..." அங்கேயே நிறுத்தினார். இருபத்தோரு வருடத்துச் சனிக்கிழமைகளை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "எங்கூட உக்காந்து தின்னாவளே. கடைசித் துண்டு உனக்குன்னு தள்ளுவாவ. பாசம்னு நெனச்சேன்."

"பாசந்தான் தங்கச்சி," என்றார் பட்டுராஜ். "பெறகு என்ன? பிடிக்காதத எவன் வாராவாரம் திம்பான்?"

ஸுலைஹா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "சட்டத்தில விருப்பம் வெளிப்பட்ட செயல்னுதான் இருக்கு. வாங்கியிருக்கணும்னு இல்லை. வேண்டாம்னு சொல்றதும் விருப்பம்தான். இன்னும் கேட்டா, சரின்னு சொல்றதை விட அதுக்குத்தான் முழு மனசு வேணும். நாலு கார்டுலயும் ஒவ்வொரு தடவை மறுத்திருக்கார். நாலும் ஒரு வருசத்துக்குள்ள." தேதிகளைச் சரிபார்த்தார். "பழைய கார்டுதான் ஈஸ்டர் அன்னைக்குப் போட்டது. அதுக்கு ஒரு வருசம் இந்த மார்ச் இருபத்தஞ்சோட முடியுது. எழுப்புறது எப்போ?"

"இருவத்தொண்ணு."

"நாலு நாள் மிச்சம் இருக்கு."

பியூலா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அழவில்லை. கணவரின் விரலை எடுத்து, மெஷின் இல்லாத வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்து சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்று அவர் காதருகே கேட்டார். "இப்பிடியா நாலு பேரு முன்னால சொல்லுவிய?"

ஸுலைஹா எழுந்தபோது பட்டுராஜ் டீ ஊற்றி நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். விரலை வைக்கப்போனவரைப் பட்டுராஜ் தடுத்தார்.

"வேண்டாம் மேடம்."

"வைக்கிறேன் அண்ணாச்சி. லஞ்சம்னு ஆயிடும்."

பச்சை எரிந்தது.

*

ஸுலைஹாவின் அறிக்கை ஆணையத்துக்குப் போன ஒன்பதாவது நாள் இன்னொரு கடிதம் வந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில் உள்பட எல்லாத் துயில் மருத்துவமனைகளுக்கும் பொதுவானது. மூடுவதாக இருந்த கணக்குகளுக்கு அறுபது நாள் அவகாசம். அதற்குள் அட்டைதாரரிடம் பொருளின் பெயரும் விலையும் சொல்லிக் கேட்க வேண்டும். சம்மதமோ மறுப்போ, நாடியில் ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும்.

அதன்பிறகு சில வாரங்கள் அந்த வார்டில் நடந்தவை இதற்கு முன் எந்த மருத்துவமனையிலும் நடந்திராதவை. பட்டுராஜின் வண்டியில் பாகற்காய் வற்றல் ஏறியது. வேப்பம்பூ ஏறியது. ஒரு மாமனாருக்காக அவருக்கு ஆகவே ஆகாத அரசியல் கட்சியின் பத்திரிகையை வாங்கி வந்தார்கள். முதல் சொல்லிலேயே மஞ்சள் எரிந்து வார்டே கைதட்டியது. ஆனால் எல்லாருக்கும் அப்படி எளிதாக அமையவில்லை. தூங்குகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நீளமாகச் சொன்னார்கள். என்ன பிடிக்காது என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது வருடம் கூட வாழ்ந்த ஒரு மனைவி, சிந்தித்துப் பார்த்துவிட்டு, "என்னையத்தான் பிடிக்காது" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

செல்வி நான்கு நாள் திணறினாள். "எங்க அப்பா எதையும் வேண்டாம்னு சொன்னதில்ல. நாங்க கேட்டதும் இல்ல." ஐந்தாம் நாள் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தாள். அவனுக்கும் தெரியவில்லை. அப்பாவோடு முப்பது வருடம் ஒரே லாரியில் கிளீனராக இருந்தவரைத் தேடிப் பிடித்தாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "பப்பாளிப் பழம்" என்றார். மறுநாள் பட்டுராஜ் அதைக் கொண்டுவந்து காதருகே சொன்னார். மஞ்சள்.

மார்ச் 21 வியாழக்கிழமை காலை ஜெயசிங்கின் ஸ்கோர் 741. பிற்பகல் மூன்றரைக்கு அவர் கண் விழித்தார். பியூலாவைப் பார்த்தார். "கம்பெனிக்கு லீவு போட்டியா?" என்று கேட்டார். பியூலா போட்டதாகச் சொன்னார்.

ஏப்ரல் 2 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நடக்கப் பழகியிருந்தார். இனிப்பு சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசலில் பட்டுராஜ் வண்டியோடு காத்திருந்தார். ஜெயசிங்கிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று பியூலா பட்டுராஜை முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பட்டுராஜுக்கு வாய் நிற்கவில்லை.

"தம்பி, மஸ்கோத் அல்வா. முதலூர்ச் சரக்கு. எடுத்துக்கிடட்டுமா?"

ஜெயசிங் அல்வாவைப் பார்த்தார், பட்டுராஜின் முகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"குடுங்க அண்ணாச்சி," என்றார். "எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

மெஷினில் விரலை வைத்தார். மஞ்சள் எரிந்தது. அவர் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் மஞ்சள்.

"மெஷினு கோளாறு போலுக்கு," என்றார்.

"ஆமா," என்றார் பியூலா. தன் விரலை வைத்தார். பச்சை எரிந்தது. கால் கிலோ அல்வாவைத் தனக்கு வாங்கிக்கொண்டு, அவருக்கு நூறு கிராம் காராச்சேவு கட்டச் சொன்னார்.

நான்கு கார்டுகளும் மூடப்படவில்லை.